வேண்டாம் என்று சொல்லி வாங்கியது

ஜூன் 3, திங்கள்

எடை 62.1. தண்ணீர் 800 மில்லி. பிரஷர் 160/100.

டயாலிசிஸ் வார்டு நர்ஸம்மா இவருக்கு இந்த மூன்றையும் தினமும் குறித்து வரச் சொல்லியிருக்கிறார். கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது. ஒரு நாளுக்கு ஒரு பக்கம். மூன்று எண் எழுதினால் ஒரு வரிகூட நிறையவில்லை. பக்கத்தை வெறுமனே விட எனக்கு மனசு வராது. ஆஸ்பத்திரிக்கு எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனால் போதும், மிச்சப் பக்கம் எனக்கு.

இவர் மாநகராட்சியில் பம்ப் ஆபரேட்டர். இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் தண்ணீர் திறந்துவிட்ட மனிதர். இப்போது ஒரு நாளைக்கு எண்ணூறு மில்லிக்கு மேல் ஒரு வாய் கேட்டாலும் நான் செம்பை எடுத்து ஒளித்து வைக்கிறேன்.

ஜூன் 6, வியாழன்

மதுரைக்குப் போய்ப் பெரிய டாக்டரைப் பார்த்தோம். இதயம் வீங்க ஆரம்பித்துவிட்டதாம். டயாலிசிஸிலேயே ஓட்டினால் ஒரு வருஷம் தாண்டுவது சந்தேகம், மாற்றுச் சிறுநீரகம் வைத்துவிடுவதுதான் நல்லது என்றார். இவரை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம் மட்டும் சொன்னார்.

“குடும்பத்துல யாரு குடுப்பா? நீங்க?”

“எனக்கு சுகர் இருக்கு டாக்டர். கேம்ப்ல பாத்தப்ப வெறும் வயித்துலயே நூத்திப் பதினெட்டு.”

அவர் தாளில் ஒரு கோடு போட்டுவிட்டு இவருடைய கூடப்பிறந்தவர்களைப் பற்றிக் கேட்டார். ஒரே தங்கை, பேச்சித்தாய் என்றேன். வயது கேட்டார். முப்பத்து நான்கு. கல்யாணம்? இல்லை. “கூட்டிட்டு வாங்க, பாப்போம்” என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் தூங்கிக்கொண்டே வந்தார். தூங்கும்போது வாய் திறந்திருக்கிறது. முன்பெல்லாம் அப்படி இல்லை.

ஜூன் 9, ஞாயிறு

எடை 63. தண்ணீர் 750.

ஞாயிற்றுக்கிழமை என்றால் கடையில் மூச்சுவிட நேரம் இருக்காது. நடுவில் முதலாளி வாங்கித் தந்த காபி நல்ல சர்க்கரை போட்டு வந்தது. குடித்த பிறகுதான் கால்வலி மறந்தது.

சேலைக்கடையில் எனக்குப் பதினாறு வருஷம். ‘வடிவக்கா கவுண்டர்’ என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. விரிக்கிறவளுக்குச் சேலை விற்காது, மடிக்கத் தெரிந்தவளுக்குத்தான் விற்கும். வந்தவள் தயங்கினால் இன்னும் நாலைந்தை எடுத்துப் போடுவது கத்துக்குட்டி வேலை. நான் முன்னால் கிடப்பதை மெதுவாக மடிப்பேன். “விடுங்கம்மா, இது உங்களுக்கு வேண்டாம், சாதாரணமாவே எடுத்துக்கிடுங்க” என்பேன். இரண்டாவது மடிப்பு விழுவதற்குள் கை நீண்டுவிடும்.

யார் வாங்குவார்கள் என்று படி ஏறும்போதே தெரியும். வீட்டில் யாரும் தன் பேச்சை எடுக்காத பெண் ஒருத்தி கூட்டத்தில் இருப்பாள். அவளிடம் “உங்க செலக்ஷனே தனிம்மா” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பசியோடு வந்தவர்கள் பன்னிரண்டரைக்கு மேல் எதற்கும் சரி என்பார்கள். சாவு நடந்த துஷ்டி வீட்டுக்குச் சேலை எடுக்க வருகிறவர்கள் விலைச் சீட்டைத் திருப்பிப் பார்ப்பதே இல்லை.

வீட்டுக்கு வந்தால் பேச்சி அண்ணனுக்காகக் காய்களை வேகவைத்துத் தண்ணீரை இறுத்துக்கொண்டிருந்தாள். பால்வாடியில் டீச்சர் வேலை. அத்தை தவறிய நாளிலிருந்து பதினோரு வருஷமாக எங்களோடுதான் இருக்கிறாள். அவள் இல்லாவிட்டால் இந்த வீடு ஓடாது. அதை நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இன்றைக்குச் சொன்னேன். கரண்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

ஜூன் 11, செவ்வாய்

டயாலிசிஸ். நாலு மணி நேரம். எடை 60.4. வாந்தி.

ஜூன் 14, வெள்ளி

டயாலிசிஸுக்குப் பேச்சியையும் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணன் கையில் இரண்டு ஊசி குத்துவதை இதுவரை அவள் நேரில் பார்த்ததில்லை. பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

லேப் வாசலில் கூட்டம் இல்லை. “வந்தது வந்தோம், நம்ம குரூப் என்னன்னு சும்மா பாத்து வைப்போமா?” என்றேன். “அதுக்கென்ன மயினி” என்று கையை நீட்டினாள். ஒரு சொட்டு ரத்தம், கால் மணி நேரம்.

பி பாசிட்டிவ். இவருக்கும் அதே. பேச்சிக்குச் சந்தோஷம். “அண்ணனும் நானும் ஒரே குரூப்பு!” என்று வீட்டுக்கு வந்து எங்கள் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 20, வியாழன்

எடை 62.8. தண்ணீர் 800. மகளுக்குக் காய்ச்சல்.

மத்தியானம் அம்பாசமுத்திரத்திலிருந்து போன் வந்தது. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பேச்சியைப் பார்த்தார்களாம். மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் கிளார்க். முதல் மனைவி இறந்து மூன்று வருஷம் ஆகிறது. ஏழு வயதில் ஒரு பெண் பிள்ளை. அவருடைய அக்காதான் பேசினார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

“ஆடி வருதுல்லா, ஆவணியில பேசுவோம்” என்றேன்.

“ஆனி முழுக்கக் கெடக்கே” என்றார் அந்த அம்மா.

வீட்டில் இவருக்கு உடம்பு சரியில்லாததைச் சொன்னேன். சரி என்று வைத்துவிட்டார். பேச்சியிடம் சொல்லவில்லை. நடக்குமோ நடக்காதோ, இப்போதே ஆசையை வளர்ப்பானேன்.

ஜூன் 25, செவ்வாய்

டயாலிசிஸ். எடை 60.9.

பேச்சிக்கு ஒரு சேலை எடுத்துக்கொண்டு போனேன். மயில் கழுத்துக் கலர், மெல்லிய ஜரிகை. எப்போதும் டேமேஜ் கட்டிலிருந்துதான் அவளுக்குக் கொண்டு போவேன். ஓரத்தில் ஒரு நூல் இழுத்திருக்கும், அவளும் அதை உள்ளே மறைத்துக் கட்டிக்கொள்வாள். இது புது ஸ்டாக். ஏனோ தோன்றியது, எடுத்தேன்.

அவள் முந்தானையையும் ஓரத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எங்க மயினி டேமேஜ்?”

“டேமேஜ் ஒண்ணும் இல்லட்டி. உனக்குன்னு எடுத்தது.”

அதற்குப் பிறகு அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. சாதம் குழைந்துவிடும் என்று அடுக்களைக்குப் போய்விட்டேன்.

ஜூலை 2, செவ்வாய்

ஸ்கேன் எடுத்தோம். “குரூப் சேந்துருச்சு, அதையும் பாத்துட்டா மனசுக்கு நிம்மதி, அப்புறம் உன் இஷ்டம்” என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனேன். சிறுநீரகம் இரண்டும் நன்றாக இருக்கின்றன. திசுப் பொருத்தத்துக்கும் ரத்தம் கொடுத்திருக்கிறாள்.

அண்ணனுக்குக் கிட்னி கொடுக்கச் சோதனை பார்ப்பதைத் தெருவில் எல்லாருக்கும் அவளே சொல்லிவிட்டாள். எதிர் வீட்டு ஆச்சி அவள் தலையில் கை வைத்து, “உன்னப் போல தங்கச்சி யாருக்குக் கெடைக்கும்” என்றார். ஒருவர் நாலு பேர் முன்னால் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதிலிருந்து இறங்குவது கஷ்டம். அது எனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்லவில்லை, அவளாகச் சொன்னதுதான்.

ஜூலை 5, வெள்ளி

டயாலிசிஸ் முடிந்து வந்து படுத்த இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பேச்சிகிட்ட மட்டும் கேக்காத வடிவு. அவ இல்லன்னு சொல்ல மாட்டா. அதனாலதான் கேக்காதங்கேன்.”

“நான் ஒண்ணும் கேக்கல” என்றேன்.

உண்மைதான். இதுவரை ஒரு தடவைகூட நான் அவளிடம் கேட்கவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

பொருத்தம் நன்றாக இருப்பதாக ரிப்போர்ட் வந்துவிட்டது. சாயங்காலம் அதைக் கட்டிலில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பேச்சி ஒரு தாளின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

“மயினி, ஒண்ணு போயிட்டா… பிள்ள பெத்துக்கிட முடியுமா?”

முடியும். டாக்டரே சொல்லியிருக்கிறார், கவனமாக இருந்தால் முடியும் என்று. அதை நான் சொல்லவில்லை. அவள் முகத்தில் இருந்தது தயக்கம். பதினாறு வருஷமாக நான் கவுண்டரில் பார்க்கிற முகம். இந்த நேரத்தில் எதைப் பேசினாலும் கெட்டுவிடும்.

தாள்களை ஒவ்வொன்றாக மடித்துக் கவருக்குள் போட்டேன்.

“விடு பேச்சி. இது உனக்கு வேண்டாம். நீ உன் வாழ்க்கையப் பாரு. உங்க அண்ணனுக்கு விதிச்சது இவ்வளவுதாம்னு நெனச்சுக்கிடுதேன்.”

எழுந்து பீரோவைத் திறந்தேன். கவரை வைத்துப் பூட்டுவதற்குள் பின்னால் வந்து நின்றாள்.

“குடுங்க மயினி. நான் குடுக்கேன்.”

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அந்த அழுகை நடிப்பில்லை. இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூலை 10, புதன்

எடை 61.5. தண்ணீர் 800. நன்றாகத் தூங்கினேன்.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. தள்ளுபடிக் கூட்டம். மூன்று மணிக்குத்தான் சாப்பிட முடிந்தது. மதுரையிலிருந்து போன்: அடுத்த புதன் கவுன்சிலர் பேசுவாராம். கொடுக்கிறவரிடம் தனியாகப் பேசுவார்களாம்.

பேச்சியிடம் சொன்னேன்: “யாரும் கேட்டாங்களான்னு கேப்பாங்க. நீயா முடிவு பண்ணேன்னு சொல்லு. அதான உண்மை?”

“அதாம் உண்மை மயினி” என்றாள்.

ஜூலை 24, புதன்

மதுரை. காலை பதினோரு மணி. பேச்சி மயில் கழுத்துச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். கவுன்சிலரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். பேச்சியை உள்ளே கூட்டிக்கொண்டு கதவைச் சாத்தினார். நாற்பது நிமிஷம். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். விற்ற பிறகு இப்படிக் கதவையே பார்த்துக்கொண்டு நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

கதவு திறந்தது. “ரொம்பத் தெளிவா இருக்காங்க” என்றார் அந்த அம்மா. அடுத்த மாதம் இருபதாம் தேதி ஆபரேஷன்.

திரும்பி வரும் பஸ்ஸில் கோவில்பட்டி தாண்டும்வரை பேச்சி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு அவளாகவே சொன்னாள்.

“மயினி, அந்தம்மா ஒண்ணு சொன்னாங்க. ‘உனக்கு இஷ்டம் இல்லன்னா எங்கிட்ட மட்டும் சொல்லு. உடம்பு ஒத்துவரலன்னு நாங்களே வீட்டுல சொல்லிருவோம். யாருக்கும் தெரியாது’ன்னாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“இஷ்டம்தாம்னேன்.”

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வாய் என்னை அறியாமல் கேட்டுவிட்டது: “ஏன் பேச்சி?”

அவள் சிரித்தாள். பேச்சி சிரித்தால் கண்ணுக்குக் கீழே மட்டும்தான் சிரிப்பாள்.

“நீங்க தாள மடிச்சு பீரோவுக்குள்ள வச்சீயல்லா, அப்பவே எனக்குத் தெரியும் மயினி. லீவு நாள்ல உங்க கடையில வந்து உக்காந்து எத்தன தடவ பாத்திருக்கேன். ‘இது உங்களுக்கு வேண்டாம்மா’ம்பீய. அவ கை நீட்டுவா.”

மடியில் கிடந்த ரிப்போர்ட் கவரைப் பைக்குள் தள்ளினேன்.

“தெரிஞ்சுதாம் கைய நீட்டுனேன். இந்த ஒண்ணரை மாசமா நீங்க எங்கிட்ட பேசுன மாதிரி யாரும் பேசினதில்ல மயினி. சேலை எடுத்துத் தந்தீய. நீ இல்லன்னா வீடு ஓடாதுன்னீய. பொய்யா இருந்தா இருந்துட்டுப் போவட்டும். இது முடிஞ்சுட்டா மறுபடியும் பழைய மாதிரி ஆயிரும்லா, அதாம் கொஞ்சம் கஷ்டமா இருக்கு.”

எந்தக் குற்றமும் சாட்டவில்லை. கயத்தாறில் கடலை மிட்டாய் வாங்கி மகளுக்கென்று பையில் வைத்துக்கொண்டாள்.

ஜூலை 25, வியாழன்

எடை 62.6. தண்ணீர் 800. பிரஷர் 170/100.

ஜூலை 27, சனி

இரண்டு நாளாக எண்ணைத் தவிர ஒன்றும் எழுத முடியவில்லை. கடையில் ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தாய் தயங்கினாள். எனக்கு மடிக்க வரவில்லை. அவர்கள் எழுந்து அடுத்த கவுண்டருக்குப் போய்விட்டார்கள்.

எதிராளியின் ஏக்கம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. பேச்சியிடம் அதைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. பதினோரு வருஷமாக அதை ஊட்டி வளர்த்ததே நான்தான். ஒரு நல்ல சேலை, ஒரு நல்ல வார்த்தை, இரண்டையும் கொடுக்காமல் வைத்திருந்து, தேவைப்பட்ட அன்றைக்கு எடுத்து நீட்டியிருக்கிறேன். தூ.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் கேம்பில் 118 வந்தது உண்மை. அடுத்த மாதம் லேபில் திரும்பப் பார்த்தபோது 96 வந்ததும் உண்மை. டாக்டரிடம் முதலாவதை மட்டும் சொன்னேன். கறை இருக்கிற பக்கத்தை உள்ளே வைத்து மடிக்கிற கைக்கு இதெல்லாம் பழக்கம்தான். என் குரூப் ஓ. பிரசவ கார்டிலேயே எழுதியிருக்கிறது. ஓ குரூப் யாருக்கும் கொடுக்கலாம் என்று டயாலிசிஸ் வார்டுச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் அதற்கு எதிரேதான் உட்காருகிறேன்.

அம்மா கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு நடந்து போனவள். திரும்பி நடந்து வரவில்லை. எனக்கு அப்போது பதினேழு வயது. அந்தத் தள்ளுவண்டியின் சக்கரச் சத்தத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை, இவரிடமும்.

ஜூலை 29, திங்கள்

வெறும் வயிற்றோடு லேபுக்குப் போனேன். 93. மூன்று மாதச் சராசரிச் சோதனையும் சரியாகத்தான் இருக்கிறது. ஓ பாசிட்டிவ். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியபோது, அதிகமாக வந்திருக்கக் கூடாதா என்று ஒரு நொடி நினைத்தேன். நினைத்தது நினைத்ததுதான்.

வாசலில் நின்றே அம்பாசமுத்திரத்துக்குப் போன் போட்டேன். அந்த அக்கா எடுத்தார். “நீங்க மறுபடி கூப்பிடவே இல்லையே தாயி. ஆனி கடைசியிலயே வள்ளியூர்ல பேசி முடிச்சுட்டோம்” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். வைத்துவிட்டேன்.

ஜூலை 30, செவ்வாய்

டயாலிசிஸ். எடை 61.

சாயங்காலம் இவரையும் பேச்சியையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். 96. 118. ஓ குரூப். அம்பாசமுத்திரம். பிள்ளை பெற்றுக்கொள்ள முடியும் என்று டாக்டர் சொன்னது. எதையும் மடிக்காமல் சொன்னேன், இனி நானே கொடுக்கிறேன் என்பதையும். சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

இவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். “நான் கேக்காதன்னேன்” என்றார். அவ்வளவுதான்.

பேச்சி மற்றதற்கெல்லாம் சும்மா இருந்தாள். அம்பாசமுத்திரத்தைச் சொன்னபோது மட்டும் தலை நிமிர்ந்தாள்.

“அந்தப் பிள்ளைக்கு எத்தன வயசுன்னீய?”

“ஏழு.”

“கல்யாண வீட்டுல எங்கிட்ட தண்ணி கேட்டு வந்தா. ரெட்ட சடை.” முந்தானையை எடுத்துச் செருகிக்கொண்டாள். “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் மயினி. சொல்லியிருந்தாலும் நான் அண்ணனுக்குத்தாம் குடுத்திருப்பேன். ஆனா சொல்லியிருக்கலாம்.”

எழுந்து போய் மாவு ஆட்டினாள். இரவு என் தட்டில் தோசை வைத்தாள், முகம் பார்க்கவில்லை. அவள் என்னை மன்னிக்க வேண்டும் என்று நான் எதுவும் பேசவில்லை. பேசத் தெரியும். எங்கே தொட்டால் இளகுவாள் என்றும் தெரியும். பேசாமல் தோசையைச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 7, புதன்

மதுரை. இவர் ஒரு வாரமாக என்னோடு சரியாகப் பேசவில்லை, ஆனாலும் கூட வந்தார். இதற்குள் எல்லாச் சோதனையும் எனக்கும் எடுத்துவிட்டார்கள். கொடுக்கலாம் என்கிறார்கள். தேதி மட்டும் இரண்டு வாரம் தள்ளிப்போகிறது. ஃபாரத்தில் பேச்சித்தாய் என்ற பெயரை அடித்துச் சண்முகவடிவு என்று எழுதினார்கள்.

அதே கவுன்சிலரம்மா, அதே அறை. கதவைச் சாத்தினார். யாராவது சொன்னார்களா, கட்டாயப்படுத்தினார்களா, வீட்டில் மிரட்டல் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இல்லை இல்லை என்றேன். பேச்சியிடம் சொன்னதையே என்னிடமும் சொன்னார்: இஷ்டம் இல்லையென்றால் இப்போதே சொல்லலாம், யாருக்கும் தெரியாது, நாங்களே ஒரு காரணம் சொல்லிவிடுவோம்.

அந்தக் கதவு எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் தெரிந்தது. இதைத் திறந்து வைத்தும் பேச்சி போகாமல் இருந்திருக்கிறாள்.

“வேண்டாம்மா. நான் குடுக்கேன்” என்றேன்.

அவர் பேனாவை மூடிவிட்டு, சும்மா கேட்கிற மாதிரி கேட்டார். “பயமா இருக்கா?”

யாரிடம் என்ன சொன்னால் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டே பேசிப் பழகிய வாய் என்னுடையது. இந்தக் கேள்விக்கு அப்படி ஒன்றும் அகப்படவில்லை.

“ரொம்ப” என்றேன்.